பிபிஎஃப் பிலிமை எங்கே வைத்து வெட்டுகிறார்கள் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு வட்டாரத்தில் கார்களுக்குப் பெயிண்ட் பாதுகாப்பு பிலிம், அதாவது பிபிஎஃப், ஒட்டும் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து இக்கடிதத்தை எழுதுகிறோம். வழக்கமான வாசகர் கடிதத்தைவிட இது நீளமானது. பலருடைய பணமும் வண்டியும் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் சுருக்காமல் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

நம் மாவட்டங்களை ஊடுருவிப் போகும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் கார் ஓட்டுகிறவர்களுக்கு முன்பக்கப் பெயிண்ட் எப்படிக் கெடுகிறது என்று சொல்லித் தர வேண்டியதில்லை. தார்ப்பாய் போடாத ஜல்லி லாரி, எம்சாண்ட் டிப்பர், சாலை விரிவாக்க வேலைக்காகக் கொட்டிய சிறு கற்கள் என்று எல்லாமே பானெட்டின் முன் விளிம்பிலும் பம்பரிலும் பக்கக் கண்ணாடிக் கூட்டிலும்தான் வந்து அடிக்கும். ஆகவே புது வண்டி எடுத்த கையோடு பிபிஎஃப் போட வருகிறவர்கள் இப்போது அதிகம். வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் மூன்றுதான்: எந்தக் கம்பெனி, எத்தனை வருட வாரண்டி, கடைசி ரேட் என்ன. பிலிமை மெஷினில் வெட்டுவீர்களா, வண்டியின் மேல் வைத்து வெட்டுவீர்களா என்று கேட்பவர் மிகக் குறைவு. பெயிண்ட் பிழைப்பதும் கெடுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் பொருளைப் பற்றி. 1960களில், வியட்நாம் போர்க் காலத்தில், ஹெலிகாப்டர் இறக்கைகளின் விளிம்பை மணலும் கற்களும் அரிக்காமல் இருக்க அமெரிக்காவின் திரீ எம் நிறுவனம் உருவாக்கிய யூரித்தேன் டேப்தான் இதன் மூதாதை. இன்று நல்ல பிலிம் என்பது டிபியு, அதாவது தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன். வெளிநாட்டுச் சரக்கு மட்டும்தான் என்றில்லை. மகாராஷ்டிரத்தில் கார்வாரே நிறுவனமும் தயாரிக்கிறது. ஒரு ரோல் பொதுவாக 152 சென்டிமீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம். பிலிமின் மொத்தத் தடிமன் பெரும்பாலும் 170 முதல் 215 மைக்ரான் வரை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் நடுவில் இருக்கும் டிபியு ஏறக்குறைய 150 மைக்ரான். அடியில் பசை 20, 25 மைக்ரான். மேலே மெல்லிய மேல்பூச்சு ஒன்று. சிறு கீறல்கள் வெயில் பட்டோ வெந்நீர் ஊற்றியோ தானாக மறைகின்றன என்கிறார்களே, அந்தக் குணம் இந்த மேல்பூச்சுக்கு மட்டுமே உரியது. துணி, தூசி உண்டாக்கும் நூலிழைக் கீறல் மறையும். டிபியு வரை இறங்கிய வெட்டு எத்தனை வெந்நீர் ஊற்றினாலும் மறையாது.

இனி, பிலிமுக்கு அடியில் இருப்பதைப் பாருங்கள். தொழிற்சாலையில் அடித்த கார் பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். இரும்புத் தகட்டின் மேல் துருத் தடுப்பு அடுக்கு, பிறகு பிரைமர், அதன் மேல் நிறம், கடைசியில் கிளியர் கோட். இந்தக் கிளியர் கோட் 40, 50 மைக்ரான். பளபளப்பும் வெயில் தாங்கும் தன்மையும் இதில்தான். வண்டியின் மேல் பிலிமைப் போர்த்தி, கதவு விளிம்பில் பிளேடு ஓட்டுகிறவர் 200 மைக்ரானை முழுதாக வெட்ட வேண்டும்; அதற்கு அடியில் இருக்கும் 50 மைக்ரானைத் தொடவே கூடாது. பிளேடு புதிதாக இருக்கும்போது ஒரு அழுத்தம், பத்துச் சாண் வெட்டியபின் வேறு அழுத்தம் தேவைப்படும். வளைவில் கை திரும்பும்போது அழுத்தம் தானாகக் கூடும். எவ்வளவு கை பழகியவராக இருந்தாலும் ஒரு முழு காரின் சுற்றளவுக்கும் இந்தக் கணக்கைத் தவறாமல் காப்பாற்ற முடியாது.

கிளியர் கோட்டில் விழுந்த பிளேடு கோடு அன்றைக்குத் தெரியாது. பிலிமின் விளிம்பே அதை மறைத்துக்கொள்ளும். ஒரு வருடம் கழித்து அந்தக் கோட்டில் அழுக்கு இறங்கிக் கருப்பாகத் தெரியும்போது, ‘பிலிம் ஓரத்தில் அழுக்கு, கழுவினால் போய்விடும்’ என்பார்கள். பிலிமை உரிக்கும் நாளில்தான் உண்மை வெளிவரும். வெட்டு நிறத்தைத் தாண்டித் தகடு வரை போயிருந்தால் மழைநீர் இறங்கித் துரு பிடிக்கும். முதலில் தெரிவது கதவின் கீழ் விளிம்பிலும் பானெட்டின் முன் மடிப்பிலும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் துரு இல்லை, ஆனால் வெட்டின் இரு பக்கமும் கிளியர் கோட் மீன் செதில் போலக் கிளம்பும். சந்தேகம் இருப்பவர்கள் பிலிம் ஓரத்தை ஒட்டி ஒரு சிறு டார்ச்சைப் படுக்கவைத்து, வெளிச்சம் பெயிண்டின் மேல் சாய்வாக ஓடும்படி பாருங்கள். பிலிம் முடியும் இடத்துக்கு வெளியே, அதற்கு இணையாக, முடி கனத்தில் இன்னொரு கோடு ஒளிர்ந்தால் அது பிளேடு போன வழி.

மெஷினில் வெட்டுவது என்றால் என்ன? கம்ப்யூட்டரில் அந்தந்த வண்டியின் ஒவ்வொரு பாகத்துக்கும் அளவெடுத்த வரைபடம் இருக்கும். பிளாட்டர் எனும் மெஷின் அந்த வரைபடத்தின்படி பிலிமை வெட்டித் தரும். பெயிண்டின் பக்கத்தில் பிளேடு போகவே போவதில்லை. இதைக் கேட்டதும் பட்டனைத் தட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பிளாட்டரிலும் பிழைகள் உண்டு, அவற்றைத் தெரிந்தவர்தான் நல்ல வெட்டு எடுக்க முடியும்.

ரோலை ஏற்றியதும் நேராக இருக்கிறதா என்று வெட்டாமலே முன்னும் பின்னும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் சாய்வு இருந்தால், ஒன்றரை மீட்டர் நீளப் பாகத்தின் மறுமுனையில் அது பல மில்லிமீட்டராக வளர்ந்திருக்கும். பிறகு இடது பக்கம் சரியாக உட்கார்ந்தால் வலது பக்கம் ஓரத்தை விட்டு விலகும். அடுத்தது சோதனை வெட்டு. ரோலின் மூலையில் ஒரு சிறு முக்கோணம் வெட்டச் சொல்வோம். வட்டம் வெட்டிப் பார்ப்பது போதாது, கூர்மூலை இருக்க வேண்டும். பிளேடு நுனியால் அந்த முக்கோணத்தைத் தூக்கினால் மூன்று மூலையும் இழுபடாமல் சுத்தமாகக் கழன்று வர வேண்டும்; பசையும் அறுந்திருக்க வேண்டும். பிறகு அடியில் பசையைக் காக்கும் லைனர் தாளைத் திருப்பி வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். முக்கோணத்தின் தடம் லேசான கோடாகத் தெரிந்தால் அழுத்தம் சரி. கோட்டின் வழியே வெளிச்சம் ஊசி ஊசியாக வந்தால் லைனரும் அறுந்துவிட்டது. பெரிய பாகத்தை எடுக்கும்போது தாள் துண்டு துண்டாகப் பிரிந்து பசையில் ஒட்டிக்கொள்ளும். தடமே இல்லாவிட்டால் அழுத்தம் போதவில்லை. வேண்டாத பகுதியைப் பிரிக்கும்போது பிலிம் ஓரம் இழுபட்டுப் பல் பல்லாக நிற்கும். மூலைகள் உருண்டு வந்தாலோ, மூலையைத் தாண்டி வால் நீண்டாலோ, பிளேடின் ஆஃப்செட், அதாவது பிளேடு சுழலும் மையத்துக்கும் அதன் நுனிக்கும் உள்ள தூரம், தவறாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. இந்த வகைத் தடித்த பிலிமுக்கு 60 டிகிரி பிளேடும் குறைந்த வேகமும்தான் ஒத்துவரும். ஸ்டிக்கர் வெட்டும் மெஷினில் ஸ்டிக்கர் வேகத்திலேயே ஓட்டினால் வளைவுகள் நெளியும். ஒரு பிராண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும், அதே பிராண்டில் தடிமன் மாறினாலும் சோதனை வெட்டைத் திரும்பச் செய்ய வேண்டும்.

வரைபடமும் அப்படியே நம்பத்தக்கது அல்ல. வெளிநாட்டு மென்பொருள்களில் இருக்கும் வரைபடங்கள் பல அந்தந்த நாட்டில் விற்கும் வண்டிக்கு எடுத்தவை. நம் நாட்டுக்கு வரும் வடிவத்தில் பம்பர் வேறாக இருக்கும், நம்பர் பிளேட் இடம் மாறியிருக்கும், பார்க்கிங் சென்சார் துளை சில வேரியண்டில் மட்டும் இருக்கும். நான்கு மீட்டருக்குள் அடங்கும் நம்மூர் எஸ்யூவிகள் சிலவற்றுக்கு வரைபடமே இருக்காது. ஃபேஸ்லிஃப்ட், அதாவது அதே வண்டி முகப்பு மாறிப் புது வடிவில், வந்த மாதங்களில் இந்தச் சிக்கல் கூடுதல். விலையுயர்ந்த பிலிமை வெட்டும் முன் அதே வரைபடத்தை மலிவான வினைல் ஸ்டிக்கரிலோ தாளிலோ வெட்டி வண்டியின் மேல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வரைபடம் இல்லாத பாகத்துக்கு நாமே எடுக்க வேண்டும்: ஒளி ஊடுருவும் வினைலைப் பாகத்தின் மேல் ஒட்டி, விளிம்புகளையும் இடைவெளிகளையும் மார்க்கரால் வரைந்து, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு முறை சோதித்து, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் திருத்தி, பிறகுதான் உண்மைப் பிலிம். ஒரு பம்பருக்கு இதிலேயே அரை நாள் போய்விடும். இந்த அரை நாளை மிச்சப்படுத்தத்தான் வண்டியின் மேலேயே பிளேடு ஓட்டப்படுகிறது.

வரைபடத்தில் இன்னொரு முடிவும் எடுக்க வேண்டும். பாகத்தின் விளிம்புக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் உள்ளேயே பிலிமை நிறுத்துவதா, அல்லது 8, 10 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு உட்பக்கம் மடிப்பதா? மடித்தால் ஓரம் கண்ணுக்குத் தெரியாது, அழகு. ஆனால் எல்லா இடத்திலும் மடிக்க இடம் இருக்காது. பானெட்டின் உள்விளிம்பில் தகட்டு இணைப்பை அடைக்கும் சீலண்ட் மேடு ஓடும் வண்டிகளில் மடித்த ஓரம் அந்த மேட்டில் பிடிக்காமல் சில வாரத்தில் எழும்பும். அங்கே வற்புறுத்தி மடிப்பதைவிட உள்ளே நிறுத்துவதே மேல். ஓரம் தெரிகிறது என்று வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். ஓரம் எழும்பி உள்ளே மண் போவதைவிட அது நல்லது என்று விளக்கிச் சொல்ல வேண்டியது தொழில்காரரின் கடமை.

பிளேடைக் கையில் எடுத்து வெட்டவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. விரித்து ஒட்டி ஓரம் வெட்டும் முறையும் ஒரு கலைதான், சில வளைந்த பாகங்களுக்கு அதுதான் வழி. ஆனால் அதற்கு ஒழுங்கு உண்டு. ஓரத்தை வண்டியிலிருந்து சற்றுத் தூக்கிப் பிடித்து, காற்றில் வைத்து வெட்ட வேண்டும். அல்லது இரு பாகங்களுக்கு இடையிலுள்ள சந்தில், பெயிண்டைத் தொடாமல் பிளேடு ஓட வேண்டும். அல்லது நூல் பதித்த டேப்பை முதலில் ஒட்டி, பிலிமை அதன் மேல் போர்த்தி, நூலை இழுத்து அறுக்க வேண்டும். 30 டிகிரி நுனியுள்ள உடைக்கும் பிளேடில், ஒவ்வொரு ஓரம் முடிந்ததும் ஒரு துண்டை உடைத்துப் புது நுனிக்குப் போக வேண்டும். மழுங்கிய பிளேடுதான் அழுத்தச் சொல்லும். அழுத்தம்தான் பெயிண்டில் இறங்கும். ஒரு நாள் முழுக்க ஒரே பிளேடில் வேலை நடக்கும் கடையைக் கண்டால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஒட்டுவதற்கு முந்தைய தயாரிப்பில் நம்மூருக்கென்றே சில விஷயங்கள் உண்டு. காட்பாடி ஜங்ஷன் சுற்றுப்புறத்தில் தினமும் நிறுத்தும் வண்டிகளில், ரயில் பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகள் பெயிண்டில் குத்தி நிற்கும். கையால் தடவினால் மணல் தாள் போல உறுத்தும். சாதாரண ஷாம்பு வாஷில் இது போகாது. இரும்பு நீக்கி திரவம் தெளித்தால் ஊதா நிறமாக வழிந்து இறங்கும். அதன்பின் தார் நீக்கி, பிறகு மிச்சத் துகள்களை உருவி எடுக்கும் ‘கிளே’ எனும் களிமண் கட்டி, தேவையான இடத்தில் பாலிஷ், கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைப்பு. மெழுகோ சிலிக்கானோ உள்ள பாலிஷ் போட்டால் பசை பிடிக்காது. ஷோரூமில் டெலிவரிக்கு முன் அடித்துத் தரும் பளபளப்புப் பூச்சும் இந்தக் கணக்கில்தான் சேரும். பாலிஷ் போடாமல் சுழல் கீறல்களின் மேலேயே ஒட்டினால் அவை பிலிமுக்கு அடியில் வருடக்கணக்கில் பூட்டிக் கிடக்கும்.

தண்ணீரைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை பகுதிகளில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. இந்தத் தண்ணீரில் பிலிம் ஒட்டினால், நீர் வற்றியபின் உப்பு பசைக்கு அடியில் வெள்ளைப் புள்ளியாகத் தங்கிவிடும். கறுப்பு, அடர் நீல வண்டிகளில் பளிச்சென்று தெரியும், எடுக்க வழியே இல்லை. ஆர்ஓ தண்ணீரோ வாலை வடித்த நீரோதான் ஒட்டுவதற்கு. ஒரு கார் முழுவதற்கும் சில கேன்கள் போதும். அதில் மிச்சம் பிடிப்பவரை என்னென்று சொல்வது.

பிலிம் நகர உதவும் வழுக்கு நீருக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 2 அல்லது 3 மில்லி குழந்தை ஷாம்பு, கண்டிஷனர் கலக்காதது. பசை கவ்வ உதவும் பிடிப்பு நீருக்கு நான்கு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். பிலிம் தயாரிப்பாளர் வேறு அளவு சொன்னால் அதுவே முதன்மை. ஷாம்பு கூடினால் பிலிம் நழுவிக்கொண்டே இருக்கும், ஓரங்கள் பிடிக்காது. குறைந்தால் வைத்த இடத்தில் கவ்விக்கொள்ளும். ஆல்கஹால் கூடினால் பசையில் கோடு விழும்.

கத்திரி வெயில் நாட்களில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. வெளியே நின்ற வண்டியை அப்படியே உள்ளே ஓட்டி வந்து ஒட்டத் தொடங்கினால், தெளித்த நீர் பிலிமை நகர்த்தும் முன்பே ஆவியாகிவிடும்; பசை சூட்டில் உடனே பிடித்துக்கொள்ளும்; தூக்கினால் பசையில் அலை அலையாகத் தடம். வண்டி முதலில் நிழலில் ஆறி, தகடு கைக்குக் குளிர்ந்தபின், ஏசி போட்ட மூடிய அறையில் 20 முதல் 25 டிகிரிக்குள் வேலை நடக்க வேண்டும். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்க வேண்டும், மின்விசிறி கூடாது. ஷட்டரைத் திறந்து வைத்துச் சாலையோரக் கடையில் ஒட்டுகிற பிபிஎஃப்பில் தூசி இல்லாமல் இருக்க வாய்ப்பே இல்லை. ரோலையும் வெயிலில் போட்டு வைக்கக் கூடாது.

ஒட்டும் முறை சொல்வதற்கு எளிது. பெயிண்ட், பிலிமின் பசைப் பக்கம், கைவிரல்கள் மூன்றையும் நன்றாக நனைத்துப் பிலிமை மிதக்கவிட்டு, இடம் பார்த்து, நடுவில் பிடிப்பு நீர் விட்டு ஒரு நங்கூரம் போட்டு, ஸ்க்வீஜி எனும் ரப்பர் தட்டால் நடுவிலிருந்து வெளியே, ஒவ்வொரு இழுப்பும் முந்தையதன் மேல் பாதி ஏறும்படி நீரைத் தள்ள வேண்டும். பானெட், கூரை, கதவு எல்லாம் இதில் அடங்கிவிடும். கெட்டிக்காரத்தனம் தேவைப்படுவது பம்பரில்தான். பம்பரின் மூலையில் பிலிம் மூன்று பக்கம் ஒரே நேரத்தில் வளைய வேண்டும். மிகுதிப் பிலிம் விரல் விரலாக மடிந்து எழும்பும். அந்த விரல்களை ஸ்க்வீஜியால் அமுக்கினால் மடிப்பு நிரந்தரமாகும். தூக்கி, திரும்ப நனைத்து, மூலையின் இரு பக்கமும் மெதுவாக இழுத்து, மிகுதியைச் சக்கர வளைவின் பக்கம் கொண்டுபோய்த் தீர்க்க வேண்டும். சூடு காட்டினால் பிலிம் இளகும். ஆனால் கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் போனால் மேல்பூச்சின் பளபளப்பு மாறிவிடும். அளவுக்கு மீறி இழுத்து ஒட்டிய பிலிம் அன்று கண்ணாடி போல இருக்கும். ஒரு வாரம் வெயிலில் நின்றால் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். பம்பரின் குழிவான இடங்களிலும் பனி விளக்கின் ஓரத்திலும் கூடாரம் போலத் தூக்கும். பல இடங்களில் தூக்குவது பசையின் குற்றம் அல்ல, இழுப்பின் குற்றம். இழுத்த இடத்தில் பிலிம் மெலிவதால் கல்லடி தாங்கும் வலுவும் அங்கே குறையும். கல் அதிகம் படும் இடமும் அதுவே.

நம்பர் பிளேட் ஒரு தனிச் சிக்கல். 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். அதைப் பூட்டியிருக்கும் ஸ்நாப் லாக்கை ஒரு முறை உடைத்தால் திரும்பப் போட முடியாது. பிலிம் ஒட்டுவதற்காக அதை உடைத்துவிட்டுச் சாதாரண ஸ்க்ரூவில் மாட்டித் தருவது வாடிக்கையாளருக்கு வம்பைக் கட்டித் தருவதாகும். பிளேட்டைத் தொடாமல் அதன் சட்டத்துக்குப் பின்னால் பிலிமை முடிக்க வேண்டும்.

மறு பெயிண்ட் அடித்த பாகங்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை தேவை. பெயிண்ட் தடிமன் பார்க்கும் மீட்டர் 200 மைக்ரானைத் தாண்டிக் காட்டினால் அந்தப் பாகம் மறுபடி அடிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். இன்னும் பல மடங்கு காட்டினால் அடியில் பட்டி இருக்கிறது. புது வண்டியிலும் இது நேர்வதுண்டு, லாரியில் வரும்போது பட்ட அடியைச் சரிசெய்திருப்பார்கள். பட்டறையில் புதிதாக அடித்த பெயிண்டிலிருந்து கரைப்பான் ஆவி முழுதாக வெளியேற ஒரு மாதமாவது விட வேண்டும். அவசரப்பட்டு ஒட்டினால் அடியில் குமிழ் வரும்; பின்னாளில் பிலிமை உரிக்கும்போது கிளியர் கோட்டும் சேர்ந்து வரும். மீட்டர் வைத்து எல்லாப் பாகங்களையும் பார்த்து, அளவை எழுதிக் காட்டிவிட்டு வேலையைத் தொடங்கும் கடை நல்ல கடை.

ஒட்டிய மறுநாள் தெரியும் தெளிவான நீர்க் கொப்புளங்களைக் கண்டு பயப்பட வேண்டாம். பிலிம் வழியே ஈரம் மெல்ல வெளியேறும். சில நாட்களிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் தட்டையாகும். காற்றுக் குமிழ் தானாகப் போகாது. மெல்லிய ஊசியால் குத்தி அமுக்க வேண்டும். நடுவில் புள்ளியுடன் கூம்பு போல நிற்பது தூசி, அது எத்தனை மாதம் ஆனாலும் அப்படியே இருக்கும். இந்த மூன்றையும் பிரித்தறியாமல் ‘எல்லாம் வெயிலில் சரியாகிவிடும்’ என்று அனுப்பிவைப்பது தவறு.

போலிப் பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிபிஎஃப் என்ற பெயரில் பிவிசி பிலிம் தாராளமாக விற்கிறது. டிபியு முழு வண்டிக்கு லட்சத்தைத் தொடும் இடத்தில், அதில் சிறு பங்குக்கு ‘ஃபுல் பாடி பிபிஎஃப்’ என்று யாராவது சொன்னால் அது பெரும்பாலும் பிவிசியாகவே இருக்கும். பிவிசியை இளக்கமாக வைத்திருக்கும் ரசாயனம் வெயிலில் மெல்ல வெளியேறும். பிலிம் மஞ்சளாகி, விறைத்து, உரிக்கும்போது செதில் செதிலாக உடையும், பசை முழுதும் பெயிண்டிலேயே தங்கும். கண்டுபிடிப்பது கடினமில்லை. வெட்டு மிச்சத்தில் விரலகலத் துண்டு கேட்டு வாங்கி, இரு கையாலும் இழுத்து விடுங்கள். டிபியு ரப்பர் போல் நீண்டு, விட்டதும் ஏறக்குறைய பழைய நீளத்துக்கு வரும். பிவிசி இழுத்த நிலையிலேயே தொங்கும், இழுத்த இடம் வெளிறும். கீறிவிட்டு வெந்நீர் ஊற்றிக் காட்டும் வித்தையை மட்டும் நம்பாதீர்கள். அது மேல்பூச்சைப் பற்றியதே தவிர அடிப்பொருளைப் பற்றியது அல்ல. செராமிக் கோட்டிங்கும் இதுவும் ஒன்று என்று சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். அது ஓரிரு மைக்ரான் கனமுள்ள பூச்சு. கழுவ எளிதாக்கும், கல்லைத் தடுக்காது.

கார் கண்ணாடிக்கு ஒட்டும் சன் பிலிமும் இதுவும் வேறு. பிலிம் ஒட்டத் தடை விதித்த 2012 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கண்ணாடியைப் பற்றியது. ஆனால் நிறமுள்ள பிபிஎஃப் போட்டு வண்டியின் நிறத்தையே மாற்றுகிறவர்கள், ஆர்சியில் பதிந்த நிறத்தையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

போட்ட பின் ஒரு வாரம் வண்டியைக் கழுவக் கூடாது. பிறகும் வாட்டர் வாஷில் பிரஷர் கன்னை ஓரத்துக்கு நேரே காட்ட விடாதீர்கள்; அரை மீட்டராவது தள்ளி, ஓரத்திலிருந்து வெளிப்புறமாகச் சாய்த்து அடிக்கச் சொல்லுங்கள். பறவை எச்சம், மரப்பிசின், நெடுஞ்சாலையில் மோதிய பூச்சி எல்லாம் ஈரத்துணியில் ஊறவைத்து அன்றன்றே எடுத்துவிட வேண்டியவை. டேங்க் மூடியருகே வழிந்த பெட்ரோலையும் உடனே துடைக்க வேண்டும். புது வண்டிப் பூஜைக்கும் ஆயுத பூஜைக்கும் பானெட்டில் பட்டையாகச் சந்தனமும் குங்குமமும் வைப்பது நம் வழக்கம். சாயம் கலந்த குங்குமம் ஈரத்தோடு பிலிமில் ஓரிரு நாள் இருந்தால் சிவப்புக் கறை மேல்பூச்சில் இறங்கிவிடும். பொட்டை முன் கண்ணாடியில் வையுங்கள், சாமிக்கும் குறையில்லை, பிலிமுக்கும் கெடுதியில்லை.

உரிப்பதும் வேலைதான். மிதமாகச் சூடு காட்டி, பிலிமைச் செங்குத்தாக இழுக்காமல் பெயிண்டின் மேலேயே தாழ்வாக மடக்கி மெதுவாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் பசை தங்கும், மறு பெயிண்ட் இருந்தால் அதுவும் வரும்.

எங்கள் கோரிக்கைகள் இரண்டு. நம் மாவட்டங்களில் உள்ள அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில், ஆட்டோமொபைல் படிக்கும் மாணவர்களுக்குப் பிளாட்டர் வெட்டு, வரைபடம் எடுத்தல், மீட்டர் பார்த்தல் ஆகியவற்றைக் குறுகிய காலப் பயிற்சியாகவாவது சேர்க்க வேண்டும். இப்போது இதைக் கற்க வேண்டுமென்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோதான் போக வேண்டியிருக்கிறது. போக முடியாத பையன்கள் வாடிக்கையாளரின் வண்டியிலேயே பிளேடு பிடித்துப் பழகுகிறார்கள். அவர்கள்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. சொல்லிக் கொடுக்க இடம் இல்லாததுதான் குறை.

வாகனம் வைத்திருப்போருக்கு இன்னொன்று. பில்லில் ‘பிபிஎஃப் முழு வண்டி’ என்று ஒரு வரி எழுதித் தருவதை ஏற்காதீர்கள். பிலிமின் பெயர், தடிமன், ரோலின் தொடர் எண், எந்தெந்தப் பாகம், எந்தெந்த ஓரம் மடித்தது, எந்தெந்தப் பாகம் மெஷினில் வெட்டியது, எது கையால் வெட்டியது, ஒட்டும் முன் ஒவ்வொரு பாகத்திலும் மீட்டர் காட்டிய அளவு, இவ்வளவும் பில்லில் இருக்க வேண்டும். ரோலின் பெட்டியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லித் தொடர் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரண்டி கேட்கப் போகும் நாளில் தயாரிப்பாளர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

இப்படிக்கு,
பிபிஎஃப் ஒட்டும் தொழிலாளர்கள்,
வேலூர்.